ஒரு சென்சாருக்காக ஊரைக் கூட்டியவளுக்கு

இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே டீக்கடை ஓரமாக நின்ற ஒரு பழைய காரை யாரோ கிளப்பினார்கள். அது இருமியது, நின்றது, மறுபடி இருமியது. கடைசியில் பிடித்துக்கொண்டு, கறுப்பாக ஒரு புகையைத் துப்பிவிட்டுப் போயிற்று. எரியாத பெட்ரோல் வாசனை கண்ணைக் கரித்தது. பக்கத்தில் நின்ற பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்து, “பெட்ரோல் ஜாஸ்தி, ரிச்சா ஓடுது. ஜெட்டை மாத்தணும்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து இரண்டடி தள்ளி நின்றாள். நிற்க மாட்டாளா பின்னே? எல்லாம் உன்னோடு சேர்ந்ததால் வந்த வினை.

செத்துப்போயும் ஒருத்தியை நிம்மதியாக பஸ் ஏற விடமாட்டாயா நீ? பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் மனசு அடங்கவில்லை. உன்னைத் திட்டி ரொம்ப நாளாகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் அந்த எஞ்சின் டெஸ்டிங் லைனில் டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாக வந்த பெண்கள் நாம் இரண்டு பேர்தான். நான் வடக்குப்பட்டுக்காரி, சைக்கிளிலேயே வேலைக்கு வந்துவிடுவேன். நீ கோவில்பட்டியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாய். முதல் நாளே “ஏட்டி, இந்த எஞ்சின் சத்தம் சரியில்ல, கேக்கியா?” என்றாய். சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எஞ்சினைப் பார்ப்பதற்குப் பதிலாக என்னை முறைத்தார். நீ என்னமோ கோயில் சிலை மாதிரி நின்றாய்.

டிரெய்னி காலம் முடிந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கைகுலுக்கி, ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்து, அடுத்த பேட்சை உள்ளே விடுவார்கள். எனக்கு வீடு இருந்தது, இன்னொரு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம். உனக்கு ஹாஸ்டல் போனால் ஊருக்குத்தான் போகவேண்டும். அங்கே உன் அப்பா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் உனக்கும் ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். “லேபிள் எண்ணுறதுக்காட்டி நான் எஞ்சின் படிச்சேன்? இங்கனயே கெடந்து சாவேன், போக மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று அப்போதே வாயில் அடித்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் ரேஸ் டிராக் பக்கத்து ஷெட்டுக்காரரைக் கண்டுபிடித்தாய். பந்தயக் கார்களுக்கு எஞ்சின் செட்டிங் செய்து கொடுப்பவர். முன்பின் தெரியாத ஆளிடம் போய், “எனக்கு வேலை குடுங்கண்ணே” என்று கேட்டுவிட்டாய். நான் வெளியே இரவல் வாங்கிய ஸ்கூட்டியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கம்பெனில பட்டன் அமுக்கி டெஸ்ட் பண்றது வேற, இது வேறம்மா. நீயா ஒரு வண்டிய செட் பண்ணி எட்துகினு வா. பொங்கல் முட்ஞ்சி பிராக்டீஸ் நாள் கீது. டிராக்ல ஓட்டிக் காட்டு. அப்பால பேசலாம்.”

அவ்வளவுதான். வண்டி ஒழுங்காக ஓடினால் நீ இங்கேயே இருப்பாய், ஓடாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாம்பரத்தில் உன் மாமா வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்த கார்புரேட்டர் காலத்துச் சின்னக் காரை ‘எடுத்துத் தொலை’ என்று கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மாடு விற்ற பிறகு கொட்டகை காலியாகத்தான் இருந்தது. அதில் கொண்டுவந்து நிறுத்தினாய். என் அம்மா வந்து பார்த்துவிட்டு, “இன்னாடி இது, மாட்ட வித்துட்டு எருமைய புட்ச்சாந்து கட்டிக்கிறீங்க?” என்றாள்.

எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தது எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சனி பிடித்தது அதற்குப் பிறகுதான். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் எரிகிறதா என்று பார்க்க ஒரு சென்சார் வேண்டும் என்றாய். “ஆக்சிஜன் சென்சார்தானே, பழைய இரும்புக் கடையில கூட கெடைக்கும்” என்றேன். நீ என்னை அற்பப் புழுவைப் போலப் பார்த்தாய்.

எங்கள் அத்தை ஒருத்தி உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் “உப்பு ஜாஸ்தி” என்பாள், இல்லாவிட்டால் “உப்பு கம்மி” என்பாள். எவ்வளவு என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாதாரண சென்சாரும் அந்த ரகம்தான். வைட்பேண்ட் சென்சார் அப்படியில்லை. சைலன்சர் குழாயில் செருகி வைத்தால், மிஞ்சி வரும் ஆக்சிஜனை முகர்ந்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று எண்ணாகவே சொல்லிவிடும். இதை நீ எனக்கு விளக்கியபோது, “சரி, நல்லது, ஒண்ணு வாங்கு” என்றேன். அந்த ‘வாங்கு’ என்ற சொல்லுக்கு அப்புறம் எத்தனை மாதம் போயிற்று என்று எண்ணவே எனக்குப் பயம்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர்க்காரன் நம்மைக் கண்டாலே ஃபேனை நிறுத்துவான். சென்னையில் ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைக்காரர் உன் குரலைக் கேட்டாலே “ஓனர் இல்லீங்க” என்பார். பேசுவதே ஓனர்தான். ஒன்றில் முள் வைத்த மீட்டர், “முள்ளு ஆடும்ட்டி, ஓட்டும்போது எவ பாப்பா?” என்று தள்ளினாய். இன்னொன்றுக்கு எல்லாம் சரி, “சென்சார் செத்துப்போனா அடுத்தது கப்பல்லலா வரணும்?” என்றாய். மூன்றாவதாக ஒன்று வந்தது. வாங்கினோமா, செருகினோமா, வேலை முடிந்ததா என்று இருக்கும் புதுவகை. மற்ற வகைகளைப் போல நாமே காற்றில் காட்டிச் சரிபார்க்கும் வேலையே கிடையாது, கம்பெனியிலேயே அளந்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

“அதெப்டிட்டி? பொறக்கும்போதே எல்லாந் தெரிஞ்சி பொறந்துட்டாம்லா? நாம ஒருவாட்டி கேட்டுப் பாக்காம எப்டி நம்புறது?”

“அவன் ஆயிரம் மிஷின வச்சி பாத்து அனுப்பறான். உன்ன எதுக்குடி கேக்கணும்?”

“எனக்கு மனசு ஒப்பல.”

நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். உன் அறைத் தோழி ஒருத்தி, “அக்கா, நீங்க சென்சாரே இப்படிப் பாத்தா, உங்களுக்கு மாப்பிள்ள பாக்குறதுக்குள்ள எங்களுக்குப் பேரப் புள்ள பொறந்துடும்” என்றாள். நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரித்துவிட்டு மறுபடி பிரின்ட் எடுத்த தாளைப் புரட்டினாய். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில், நாமே காற்றில் காட்டிக் கற்றுக்கொடுத்தால்தான் வேலை செய்யும் பழைய வகையையே வாங்கினாய். வாங்கின பிறகு மாற்ற முடியாது. இன்னொன்று வாங்க வழியும் இல்லை.

அந்தக் கற்றுக்கொடுக்கும் கூத்து இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். சென்சாரைக் குழாயிலிருந்து கழற்றி, சுத்தமான வெளிக் காற்றில் பிடித்து, கரண்டு கொடுத்து, அது சூடானதும் பட்டனை அமுக்க வேண்டும். ‘இதுதான் காற்று, ஞாபகம் வைத்துக்கொள்’ என்று சொல்வது போல. அதற்குப் பிறகு அது பார்ப்பதையெல்லாம் இந்தக் காற்றோடுதான் ஒப்பிடும். ஒரகடத்தில் சுத்தமான காற்றுக்கு எங்கே போவது? ரோட்டில் கன்டெய்னர் லாரி, பக்கத்தில் பெயின்ட் ஷாப், அந்தப் பக்கம் குப்பை கொளுத்துகிறார்கள். உனக்காக நான் எங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். கட்டைப்பையில் பைக் பேட்டரி, உன் கையில் வயரில் தொங்கும் சென்சார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நின்று பார்த்தார்.

“இன்னாம்மா, மீன் புடிக்கிறீங்களா?”

“இல்ல தாத்தா. இதுக்குக் காத்து காட்டுறோம்” என்றாய் நீ, ரொம்ப மரியாதையாக.

“மன்சனுக்கே காத்து இல்லாம பூச்சி. அதுக்குக் காட்ட வந்துட்டீங்களா?” என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். மானம் போயிற்று. ஊரில் ஒரு மாதம் என்னை ‘காத்து காட்ற பொண்ணு’ என்றார்கள்.

ஆனால் சொல்லத்தான் வேண்டும், அப்புறம் வேலை சுத்தமாக நடந்தது. ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் பொடி ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு. ஓட்டை பெரிதானால் பெட்ரோல் அதிகம். ஒவ்வொரு ஜெட்டாக மாற்றி, ரோட்டில் ஓட்டி, எண்ணைப் பார்த்து, மார்கழி பிறப்பதற்குள் வண்டியை வழிக்குக் கொண்டுவந்துவிட்டாய். கொட்டகையில் கிளப்பினால் தையல் மெஷின் மாதிரி ஓடிற்று. அம்மாகூட வந்து கேட்டுவிட்டு, “எரும அடங்கிப்பூட்ச்சி” என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அது நீயா?

டிராக்குக்குப் போகும் முன் ‘ஒருவாட்டி புதுசா காத்து காட்டி, கடைசியா சரி பாத்துரணும்’ என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. எந்த வருஷமும் பொங்கலுக்கு முந்தியே ஊருக்கு பஸ் ஏறிவிடுவாய். அந்த வருஷம்தான் முதல்முறையாக இங்கேயே தங்கினாய். என்னிடம் சொன்னால் கிண்டல் செய்வேன் என்று, சொல்லாமல் தனியாகப் போய் வேலையை முடித்திருக்கிறாய். அது எனக்குத் தெரியாது. பொங்கல் கழித்து ரோட்டில் ஓட்டியபோது மீட்டர் புது எண் காட்டியது. “பெட்ரோல் பத்தல” என்றாய். ஜெட்டைப் பெரிசாக்கினாய். அப்படியும் பத்தவில்லை என்றது. இன்னும் பெரிசாக்கினாய்.

“எனக்குக் கண்ணு எரியுதுடி. பெட்ரோல் நாத்தம் அடிக்குது” என்றேன்.

“மீட்டர் பொய் சொல்லாதுட்டி.”

“மாசக்கணக்கா எந்த மீட்டரையும் நம்ப மாட்டேன்னியே!”

“இது நான் சொல்லிக் குடுத்தது. இத நம்பலாம்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்றால் அதுதான். டிராக்கில் நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் சுற்றிலேயே பின்னால் கறுப்பாக ஒரு வால். இரண்டாம் சுற்றில் வண்டி திக்கித் திணறி, நேர்ப்பாதையில் எல்லோர் கண் முன்னாலும் பட்டென்று நின்றது. தள்ளிக்கொண்டு வந்தோம். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி. ஷெட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, போகி போன வாரமே முட்ஞ்சி போச்சே. இன்னும் கொள்த்திகினு கீற?”

சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகி என்ற சொல் மண்டையில் போய் இடித்தது.

“ஏய், நீ திரும்ப அந்த சென்சாருக்குக் காத்து காட்னியா?”

“ஆமா.”

“எப்போ?”

“போகியன்னைக்கி. வெள்ளன. உங்க ஏரிக்கரையிலதான். ஏன்?”

அட பாவி! போகியன்று விடியற்காலையில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஊரில் போகிக்கு இப்படிக் கொளுத்த மாட்டார்கள். இங்கே ஊர் முழுக்க பாய், தலையணை, பிளாஸ்டிக், டயர் என்று வாசலுக்கு வாசல் எரியும். சுற்றுப்பட்டுப் புகையெல்லாம் ஏரித் தண்ணீர் மேல் வந்து படுத்துக்கிடக்கும். பக்கத்தில் நிற்கிற ஆள் முகம் தெரியாது.

“பனின்னுலா நெனச்சேன்” என்றாய். “மூக்கு வேற அடச்சிருந்துச்சு.”

புகையைக் காட்டி ‘இதுதான் சுத்தமான காற்று’ என்று அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அது நல்ல மாணவி, அப்படியே கற்றுக்கொண்டது. அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அதற்கு ‘காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி’ என்றுதான் தோன்றியது. நீ பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்தாய். அந்தப் புதுவகையை வாங்கியிருந்தால் இந்த வம்பே இல்லை. நான் அங்கேயே உன்னை உலுக்கினேன், கத்தினேன், அழுதேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “முடிஞ்சிட்டா?” என்றாய். பிறகு கைக்கரியைத் துடைத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாய்.

“அடுத்த பிராக்டீஸ் எப்பண்ணே?”

“மாசி மாசம்மா.”

“வாரேன்.”

வருவாயாம். அதற்குள் உன் டிரெய்னி காலம் முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்யவேண்டும். உன் அப்பா பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டார். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாய். நான்தான் கிடந்து தவித்தேன். நீ இங்கே இருக்கவேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் அவசரம். அம்மாவிடம் போய் நின்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஒரு ஆழாக்கு அர்சி சேத்துப் போட்டா பூட்ச்சி. இட்டுகினு வா, வூட்லயே கெடக்கட்டும்” என்றாள்.

வந்தாய். வந்து எங்கள் வீட்டையே புரட்டிப் போட்டாய். குக்கர் விசில் சரியில்லை என்று பிரித்தாய். கிரைண்டர் சத்தம் சரியில்லை என்று பிரித்தாய். இரண்டு நாள் மாவு இல்லாமல் உப்புமா தின்றோம். மாசியில் மறுபடி ஏரிக்கரைக்குப் போனபோது என்னை மட்டுமல்ல, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, “அம்மா, மோந்து பாத்துச் சொல்லுங்க, புகை இருக்கா?” என்றாய். அம்மா மூக்கைத் தூக்கிக்கொண்டு நாலு திசையிலும் முகர்ந்துவிட்டு, “இல்ல, சாணி வாசனதான் வர்து” என்று உத்தரவு கொடுத்தாள். வண்டி ஓடியது. பையன்கள் வேலி ஓரம் வந்து நின்று பார்க்கிற மாதிரி ஓடியது. ஷெட்டுக்காரர் ஒன்றும் பாராட்டவில்லை. “நாளைலேர்ந்து வந்துடு” என்றார். எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அப்புறம் சில வருஷம். ஸ்ரீபெரும்புதூரில் தனி அறை எடுத்தாய். ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து சோறு தின்றாய். ஷெட்டில் வருகிறவர்கள் உன்னைத் தேடி வந்தார்கள். எந்த சென்சார் வாங்கலாம் என்று ஒருவர் கேட்டால் அவருக்கும் மாதக்கணக்கில் பதில் சொல்லிக் கொன்றாய்.

இனி எழுதப்போவதற்காகத்தான் உன்னைத் திட்டவே உட்கார்ந்தேன்.

காய்ச்சல் என்றாய். போனில் உன் குரலே சரியில்லை. சுங்குவார்சத்திரத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார், நான் வருகிறேன், போகலாம் என்றேன். “சாதா காச்சல்தாம்ட்டி. மாத்திர போட்டுட்டேன். ரேஸ் முடியட்டும்” என்றாய். ஒரு சென்சார் வாங்க ஊரையே கூட்டினவள், ஒன்றை நம்புவதற்கு முன் ஏரிக்கரை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவள், உன் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு மாத்திரையில் முடிவு செய்துவிட்டாய். ஒரு ரத்தப் பரிசோதனை செய்யத் தோன்றவில்லையே உனக்கு. நான் ஷிப்ட் முடிந்து ஓடிவந்தபோது உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

உன் அப்பா வந்தார். காரியமெல்லாம் ஊரில் முடித்து, உன் சாமான்களை எடுக்க வந்தபோது எங்கள் வீட்டில்தான் தங்கினார். அவரைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்று மாசியில் அந்த வண்டி ஓடாமல் இருந்திருந்தால், நீ ஊரில் அவர் பக்கத்தில் இருந்திருப்பாய். காய்ச்சல் என்றால் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பார். உன்னை இங்கே நிறுத்தி வைத்தது நாங்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவராகவே கேட்டார்.

“எம்மா, எம்புள்ள இங்கன சந்தோசமா இருந்தாளா?”

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான்.

“அவ நல்லா சந்தோசமாத்தாம்பா இருந்தா. எங்களத்தான் ஒருநாளும் நிம்மதியா இருக்க வுடல” என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “ஆமாம்மா, அவ அப்டித்தான். சின்னதுலருந்தே அப்டித்தான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சோற்றில் கைவைத்தபடியே அழுதார்.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. லைனில் எனக்குக் கீழே இப்போது நாலு பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் திட்டுகிறேன், சீக்கிரமே மறந்தும் போகிறேன். உன் மேல் உள்ள கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது ஆறிவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.